பத்து நாள் தள்ளிப் பிறந்தவர்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாக்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். கள்ளக்குறிச்சி கோர்ட்டில் முப்பத்தெட்டு வருடம் வக்கீல் குமாஸ்தா. மனு நிறைய எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் எழுதியதில்லை. இதையும் மனு மாதிரியே படித்துக்கொள்ளுங்கள்.

நிலத் தகராறு, ஜீவனாம்சம், செக் கேஸ் எல்லாம் உங்களுக்குத் தானாகப் பழகிவிடும். நான் சொல்ல வந்தது வெளிநாட்டார் கேஸ் கட்டு. நம் ஊரில் அதெல்லாம் ஏது என்று நினைக்காதீர்கள். வரும்.

மலேசியாவில் பிறந்த பெண் ஒருத்தி சங்கராபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தாள். விசா முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாமியார் என்னிடம் சண்டைக்கு வந்தார். "எங்க வூட்டு மருமவளுக்கு எதுக்குங்க விசா? தாலி கட்டிக்கினு வந்தவ."

நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்துக்கு மருமகள் தெரியாது. தாலி கட்டினால் குடியுரிமை வராது. வருடக்கணக்கில் இங்கே முறையாகத் தங்கி, பிறகு விண்ணப்பம் போட வேண்டும். அதுவரை விசா வேண்டும். நாலு ஆபீசுக்கு நடந்து சரிசெய்தோம். அந்த மாமியார் இன்னும் என்னை நம்பவில்லை.

யார் வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். எங்கே பிறந்தார். எப்போது பிறந்தார். அப்பா அம்மா எந்த நாட்டார். இங்கே எப்படி வந்தார். இந்த நாலில்தான் எல்லாம். கையில் என்ன அட்டை இருக்கிறது என்பது ஐந்தாவது. நாம் எல்லோரும் ஐந்தாவதைத்தான் முதலில் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

மாவட்டம் பிரிந்த பிறகு நடந்தது. ஒரு திங்கட்கிழமை. நல்ல கூட்டம். அகதிகள் முகாமிலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் கலாமதி. அப்பா அம்மா இலங்கை மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர்கள். இவர் பிறந்தது, படித்தது, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எல்லாம் இங்கே. சண்டை ஓய்ந்த பிறகு அம்மா மட்டும் மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே ஒரு துண்டு நிலம் இருந்தது. போய்ப் பத்து வருடம் ஆகிறது.

"அம்மாவ பாக்கணுங்க ஐயா. கண்ணு சரியா தெரியலயாம். போன்ல என் மூஞ்சி கலங்கலா தெரியுதாம்."

"போய்ட்டு வாங்க. வெளிய போற அனுமதி வாங்கலாம்."

"போலாங்க. திரும்ப வர முடியாதாமே. முகாம்ல சொல்றாங்க. போனா போனதுதானாம். எம் புள்ளைங்க இங்க இருக்குதே."

சொன்னது சரி. அகதியாகப் பதிந்தவர் அனுமதியில் நாட்டை விட்டுப் போனால், திரும்பி வர வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வேண்டுமா, பிள்ளைகள் வேண்டுமா என்ற கணக்கு. இந்திய பாஸ்போர்ட் இருந்தால் அந்தக் கணக்கே இல்லை.

சட்டம் எனக்குத் தெரியும். 1987 ஜூலை ஒன்றாம் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அப்பா அம்மா யார் என்று பார்ப்பதில்லை. முகாமில் பெயர் பதிந்திருந்தாலும் அது போகாது. அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். இரண்டாயிரத்து நாலு கடைசிக்குப் பிறகு இன்னும் இறுக்கம். ஒரே குடிசையில் நாலு பேர் இருந்தால் நாலு சட்டம்.

"டி.சி. குடுங்க" என்றேன்.

பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தார். பிறந்த தேதி 10.7.1987.

"பத்து நாள் தள்ளிப் பொறந்துட்டீங்களேம்மா" என்றேன்.

அவர் ஏதோ சொன்னார். கரும்பு வெட்டுற நேரத்தில் பிறந்ததாக அம்மா சொல்லும் என்று சொன்னார். என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. பின்னால் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டி.சி.ல இருக்கறதுதாம்மா தேதி. எல்லாருக்கும் அப்படித்தான். ஒண்ணும் செய்ய முடியாது."

"சரிங்க ஐயா."

போய்விட்டார். நான் வேலை பார்க்கும் வக்கீலம்மாவிடம் சொல்லக்கூட இல்லை. நான் குமாஸ்தா. அன்று நானே ஜட்ஜாகவும் இருந்துவிட்டேன்.

அதே வாரம் எங்கள் வீட்டில் என் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் பார்த்தார்கள். என் சான்றிதழில் ஜூன் ஒன்றாம் தேதி. அதை வைத்து என் பெண் பத்திரிகைக்குக்கூட எழுதிவிட்டாள். ஐயர் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தியாகதுருகத்தில் இருக்கும் என் அத்தைக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில்.

"ஜூன் மாசமா? இன்னாடா ஒளர்ற? நீ பொறந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாளு. ஊரே வெளக்கு ஏத்திக்கினு இருக்குது, ஒங்கம்மா வலியில என் கைய கடிச்சிக்கினு இருக்கிறா. தழும்பு இருக்குது, வந்து பாரு."

"அப்ப ஜூன் ஒண்ணு?"

"வூட்ல ஒன்ன மேய்க்க முடியல. சீக்கிரமா இஸ்கூல்ல தள்ளணும்னு ஒங்கப்பன் வாத்தியார்கிட்ட சொல்லி வயச ஏத்தி வச்சான்."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏங்க, இன்னும் ஆறு மாசம் எளந்தாரியா இருங்க. அப்பறம் கட்டிக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். என் தம்பிக்கு என்ன தேதி என்று பார்த்தோம். ஜூன் ஒன்று. தங்கைக்கு? ஜூன் ஒன்று. ஐயரே சிரித்துவிட்டார். அவருடையது மே முப்பத்தொன்று.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. காப்பியை வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"ஒரு அம்மாவ தப்பா அனுப்பிட்டேன்."

மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக முகாமுக்குப் போனேன். கலாமதி குழாயடியில் குடத்தோடு நின்றார். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். கோர்ட் ஆள் தேடி வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"கரும்பு வெட்டுற நேரம்னு சொன்னீங்களே. மறுபடி சொல்லுங்க" என்றேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "நீங்கதான் ஐயா காது குடுக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு என் பெண் வயதுதான். என்னை அண்ணா என்பார். திட்டவில்லை. "சர்க்கரை ஆலை என்னைக்காவது ஜூலைல ஓடியிருக்குதாண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை. நம் பக்கம் மார்கழி முதல் சித்திரை வரைதான் அரவை. இது கள்ளக்குறிச்சியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கையில் காகிதம் வந்ததும் தெரிந்தது மறந்துபோயிற்று.

மன்னாருக்கு வீடியோ போன் போட்டோம். அம்மா திரையில் வந்தார். பாதி முகமும் நிறையக் கூரை ஓடும் தெரிந்தன.

"ஓம் தம்பி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நாங்கள் வந்த அடுத்த வருசம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தனாங்கள். பிள்ளை நோ வந்திட்டுது. பஸ் இல்லை. கரும்பு டிராக்டர்ல ஏத்திக்கொண்டு போனவை. ஆலை வாசல்ல ஒரே வரிசை. முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. அங்கயே பிறந்திட்டாள். ஆலைச் சங்கும் ஊதிச்சுது, இவளும் கத்தினாள். எது சங்கு, எது பிள்ளை எண்டே தெரியேல்லை."

"அம்மா!" என்று கலாமதி வெட்கப்பட்டார்.

"உண்மையத்தானே சொல்லுறன். இப்பவும் அந்தச் சத்தந்தான் உனக்கு."

வக்கீலம்மா சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

நான் பிறப்புப் பதிவைத் தேடப் போனேன். முகாம் இருக்கும் ஊரின் ஏட்டைப் பார்த்தேன். இல்லை. அவர்கள் கரும்பு வெட்டிய ஊரின் ஏட்டைப் பார்த்தேன். இல்லை. நாலு நாள் தூசி. வந்து உட்கார்ந்து, பதியவே இல்லை போலிருக்கிறது என்றேன்.

வக்கீலம்மா நிமிரக்கூட இல்லை. "புள்ள எங்க வளந்துதுன்னு பாக்காதீங்கண்ணா. எங்க அழுதுதுன்னு பாருங்க."

பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. குடியிருக்கும் இடத்தில் இல்லை. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் டிராக்டரில் பிறந்த பிள்ளைக்கு ஊர் எது என்று நான் யோசிக்கவில்லை. ஆலை வாசல் எந்தக் கிராமத்தின் எல்லையில் வருகிறது என்று கேட்டேன். அந்தக் கிராமத்தின் பழைய ஏட்டைத் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு அறையில் எடுத்தேன்.

இருந்தது. 19.2.1987. பெண். தாய் பெயர், தகப்பன் பெயர் சரி. தொழில் கூலி. சொந்த ஊர் இலங்கை, மன்னார். பிறந்த இடம்: ஆலை வாசல். ஆலைக்காரர் யாரோ கிராம அதிகாரியிடம் சொல்லிப் பதிய வைத்திருக்கிறார். யார் என்று தெரியவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும்.

பிள்ளையின் பெயர் மட்டும் காலி. அப்போது வைக்கவில்லை.

நான் ரெக்கார்டு அறையிலேயே கத்திவிட்டேன். அங்கிருந்த கிளார்க், "பெருசு, இன்னா பாம்பா?" என்று நாற்காலி மேல் காலைத் தூக்கிக்கொண்டார்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டோம். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. பிறப்புப் பதிவில் ஒரு தேதி. பள்ளியில் வேறு தேதி. பதினைந்து நாளுக்குள் அசல்களோடு நேரில் வந்து விளக்கவும்.

இப்போது கவனியுங்கள். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் விழுவார்கள்.

கோர்ட் எதிரே டீக்கடையில் ஒரு ஆள் என்னைப் பார்த்தார். அவர் பெயர் வேண்டாம். "எதுக்கு அண்ணே அலையற? தேதிய மாத்தி புது டி.சி. நாளைக்கே வாங்கித் தரேன். ரெண்டும் ஒண்ணாயிடும். அவ்ளோதான்" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு டீ முழுக்க யோசித்தேன். உண்மையான தேதிதானே, அதைத்தானே எழுதப்போகிறோம், என்ன தப்பு என்று தோன்றியது. பதினைந்து நாளில் மூன்று போய்விட்டது. அந்த அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

வக்கீலம்மாவிடம் கேட்டேன். பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு பொய்ய நடுவுல வச்சா, சுத்தி இருக்கிற ஒம்போது நெசமும் செத்துப்போவுண்ணா. டி.சி. தப்புன்னு மறைக்க வேணாம். ஏன் தப்புன்னு காட்டலாம். அந்த இஸ்கூல் சேர்க்கைப் பதிவேட்டப் பாத்துட்டு வாங்க."

போனேன். தலைமையாசிரியை நல்லவர். பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். கலாமதி சேர்ந்த அன்று மொத்தம் பதினாலு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். பதினோரு பேருக்குப் பிறந்த தேதி 10.7.1987. மீதி மூன்று பேருக்கும் பத்து ஏழுதான். வருடம் மட்டும் எண்பத்தாறு.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அன்னைக்கு மருத்துவச்சிக்கு சாப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது போலிருக்குதுங்க" என்றார். நகல் எடுத்துச் சான்றொப்பம் போட்டுக் கொடுத்தார்.

எழுதின வாத்தியார் ஓய்வுபெற்றுக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் மகளோடு இருப்பதாகச் சொன்னார்கள். கலாமதியும் நானும் காலை முதல் பஸ்ஸில் போனோம். முகாமில் சாயங்காலம் கணக்கெடுப்பார்கள். அதற்குள் அவர் திரும்ப வேண்டும். வளைவு வளைவாக ஏறியது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பிள்ளை மாதிரி எண்ணிக்கொண்டு வந்தார். இத்தனை வருடம் மலைக்குக் கீழேயே இருந்தும் அவர் மேலே வந்ததில்லை.

வாத்தியார் பனியனோடு மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பத்து ஜூலையா? ஆமா, நான்தான் போட்டிருப்பேன். கூலிக்காரங்க, முகாம்காரங்க, ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தேதி தெரியாது. ஏதோ ஒண்ணு போட்டாவணும். பிற்பாடு சர்க்கார் வேலைக்கு வயசு வரம்பு இருக்கு பாருங்க, ரெண்டு மாசம் கூடக் கெடைக்கட்டுமேன்னு தள்ளிப் போட்டுடுவேன்."

"அது சரிங்க சார். பத்து ஜூலை எதுக்கு?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "என் கல்யாண நாளு. மறக்காது."

உள்ளே இருந்து அவர் மனைவி குரல் வந்தது. "கல்யாண நாளுக்கு எனக்கு ஒரு மொழம் பூ வாங்கிக் குடுத்ததில்ல. ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் வாரிக் குடுத்திருக்கிறாரு பாரு!"

நாங்கள் சிரித்து முடித்த பிறகுதான், அந்தப் பத்து நாள் என்ன செய்தது என்று சொன்னேன். வாத்தியார் மிளகிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தெரியாம போச்சேம்மா" என்றார்.

"நீங்க தேதி போட்டு சேக்கலன்னா நான் படிச்சே இருக்க மாட்டேன் சார். இன்னைக்கு என் மனுவ நானேதான் படிச்சிப் பாத்தேன்" என்றார் கலாமதி.

வாத்தியார் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பனியனோடு கையெழுத்துப் போடமாட்டாராம். நடந்ததை நடந்தபடி, அச்சு மாதிரி கையெழுத்தில், மூன்று பிரதி எழுதினார். கல்யாண நாள் என்பதையும் எழுதினார். அதை விட்டுவிடலாமே சார் என்றேன். "நெசம்னா முழுசா இருக்கட்டும்" என்றார்.

சென்னை பாஸ்போர்ட் ஆபீசில் விசாரணை. அதிகாரி கண்டிப்பான முகம். எல்லாக் காகிதத்தையும் புரட்டினார். சேர்க்கைப் பதிவேட்டு நகலில் நின்றார். விரல் வைத்து எண்ணினார்.

"என்னம்மா இது, பதினாலு பேருக்கும் ஒரே பிறந்தநாள்?"

"வாத்தியாரோட கல்யாண நாளுங்க சார்" என்றார் கலாமதி.

அதிகாரி வாத்தியாரின் கடிதத்தைப் படித்தார். உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு முகத்தைத் திருத்திக்கொண்டார்.

"சரி. இந்தப் பதிவுல குழந்தை பேர் இல்லையே. அது நீங்கதான்னு எப்படி நம்பறது?"

நான் வாயைத் திறந்தேன். வக்கீலம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

கலாமதி முகாம் குடும்ப அட்டையை எடுத்து வைத்தார்.

"அம்மா பேரு, அப்பா பேரு ரெண்டுத்துலயும் ஒண்ணுதாங்க சார். அவங்களுக்கு மூணு புள்ளைங்க. ரெண்டும் ஆம்பளைங்க. பொண்ணு நான் ஒருத்திதான். ஆலை வாசல்ல அழுதது நான்தாங்க."

அதிகாரி அட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். குறித்துக்கொண்டார். நான் பேசியிருந்தால் பத்து நிமிடம் சட்டம் பேசியிருப்பேன். காரியம் கெட்டிருக்கும். கட்சிக்காரர் வாழ்ந்ததைக் கட்சிக்காரர்தான் சொல்ல வேண்டும். நாம் காகிதத்தைச் சரியான வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் போதும்.

பிறகு போலீஸ் விசாரணை. பிறகு காத்திருப்பு. ஒருநாள் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. கலாமதி அதைப் பிரிக்காமலேயே ஆபீசுக்கு எடுத்து வந்தார். வக்கீலம்மா பிரிக்கச் சொன்னார். கலாமதி என்னைப் பிரிக்கச் சொன்னார். கடைசியில் டீ கொண்டுவந்த அம்மாதான் கத்தரிக்கோல் வைத்து வெட்டினார். குடியுரிமை என்ற இடத்தில் இந்தியர் என்று இருந்தது. பிறந்த தேதி பத்தொன்பது இரண்டு. பிள்ளைகளுக்கு வேறு சட்டம். அந்த மனு இன்னும் நடக்கிறது. வக்கீலம்மா விடமாட்டார்.

கலாமதி மன்னாருக்குப் போனார். இருபது நாள் இருந்தார். அம்மாவுக்கு ஒரு கண் ஆபரேஷனைக் கூடவே இருந்து செய்ய வைத்துவிட்டுத் திரும்பினார். வந்த மறுநாள் பனங்கற்கண்டு ஒரு பொட்டலத்தோடு ஆபீசுக்கு வந்தார்.

"பிரயாணம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"போனது ஒண்ணும் இல்லங்க ஐயா. வந்ததுதான் சேதி. சென்னையில எறங்கனா ரெண்டு வரிசை. இந்தியருக்கு ஒண்ணு, வெளிநாட்டாருக்கு ஒண்ணு. நான் பாட்டுக்குப் போய் வெளிநாட்டார் வரிசையில நின்னுட்டேன். எப்பவும் நம்ம தனி வரிசைதான, அந்தப் பழக்கம். முக்கா மணி நேரம் நின்னேன். கிட்ட போனதும் அந்த ஆபீசரு பாஸ்போர்ட்ட வாங்கிப் பாத்துட்டு சுள்ளுனு விழுந்தாரு. 'ஏம்மா, கண்ணு தெரியல? இங்க இன்னா பண்ற? ஒன் எடம் அங்க. போ போ'ன்னு வெரட்டனாரு."

"அய்யய்யோ. அப்பறம்?"

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்னு கேட்டேன்."